பலகை வாடகை

நான்கு படி.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது,
இன்னாரின் அன்பு நினைவாக என்று.
மிதித்து ஏறுகிறவர்களுக்கு வாசிக்க நேரமில்லை.
கீழே காத்திருக்கிற எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் படி ரோசலின் அம்மாள்,
பொருளாளர் தவசீலனின் தாயார்.
கடைசி நான்கு வருடம் கட்டிலில் கிடந்து
ஆலயம் பார்க்காமலே போனவர்.
அவர் பெயரை மூட முடியாது என்பதால்
சரிவுப் பாதைத் தீர்மானம்
மூன்று கூட்டமாக நிலுவையில் இருக்கிறது.

அதுவரை என்னைத் தூக்க
நான்கு பேரை நியமித்தார்கள்.
நல்லவர்கள்.
கிருபாகரனுக்குக் காலை எட்டு மணிக்கே வியர்க்கும்.
இம்மானுவேல் தாஸின் கை
மீன் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வந்த கை.
முதலில் சட்டைப் பொத்தான்கள்,
பிறகு கூரை,
இவற்றைப் பார்த்தபடி
முதுகுப் பக்கமாக
ஆண்டவரின் வீட்டுக்குள் போவேன்.
தூணோரம் இறக்கி வைப்பார்கள்,
பூ ஜாடிக்குப் பக்கத்தில்.

திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வர் பற்றி
வருடத்துக்கு ஒரு பிரசங்கம் உண்டு.
ஆயர் என் பக்கம் கைகாட்டுவார்.
சபை திரும்பிப் பார்த்து உருகும்.

ஐயா, அவர்கள் கூரையைப் பிரித்தார்கள்.
நீங்கள் ஒரு படியைப் பிரிக்கவில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னேன்.
"வாதம் கால்ல, திமிர் வாயில"
என்று பின்வரிசையில் ஒரு குரல்.
நல்ல வசனம்.
குறித்து வைத்துக்கொண்டேன்.

அஸ்தம்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால்
ஏற்காட்டு மலை.
காப்பி லாரியும் தேன்நிலவு ஜோடியும் ஏறுவதற்காக
இருபது கொண்டை ஊசி குத்தி
மலையையே சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
ஒருவரும் அதைச் சலுகை என்று சொல்வதில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று
அம்மாபேட்டை சவுண்ட் சர்வீஸ் வண்டி வந்தது.
ஆளுயரப் பெட்டிகள், அடியில் சக்கரம்.
சாதிக் என்கிற பையன்
படிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டான்,
நீளமாக, இரும்புச் சட்டம் வைத்தது.
பெட்டிகள் ஒவ்வொன்றாக உருண்டு உள்ளே போயின.
முன்மொழிந்தவர் இல்லை, வழிமொழிந்தவர் இல்லை.
ரோசலின் அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

பலகையை எடுக்கக் குனிந்தவன்
என்னைப் பார்த்து நிமிர்ந்தான்.
"நீங்களும் உள்ளதானக்கா?"

உள்ளேதான்.

பாதியில் ஒருமுறை நின்று,
உள்ளங்கை இரண்டும் எரிய,
முகம் முன்னால் போக ஏறினேன்.
வாசல் இவ்வளவு அகலம் என்று
முப்பத்தொரு வருட அங்கத்தினருக்குத்
தெரியாமல் இருந்திருக்கிறது.

எங்கே உட்காருவாய் என்று யாரும் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டதில்லை.
மரவள்ளிக் கிழங்குக் குவியலைத் தாண்டி
இடது வரிசையில் ஆபேல்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில்
என் எதிரில் உட்கார்ந்து
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன்.
காது கேளாது. ஆனால்
விரலாலேயே பொடி வைத்துப் பேசுவான்.
ஒன்பது வருடமாக ஞாயிறுகளில்
ஆயரின் மீசை அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நாற்காலியைத் திருப்பினேன்.
பீடத்துக்கு முதுகு, ஆபேலுக்கு முகம்.
சபை சலசலத்தது.
ஆயர் வாயைத் திறந்தார்.
நான் கையைத் திறந்தேன்.

வருடாவருடம் வரும் பூசணிக்காய் ஜோக்குக்கு
எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள்.
அதன் பிறகு ஒரு சிரிப்பு,
தனியாக, உரக்க,
எந்தச் சுருதியிலும் சேராமல்.
ஆயர் தடுமாறி நின்றார்.
அந்த ஜோக் இரண்டு முறை சிரிக்கப்பட்டது
அவருக்கு அதுவே முதல்.

எட்டு மணிக்கு வந்த என் நால்வரும்
வெறுங்கையோடு வாசலில் நின்றார்களாம்.
கிருபாகரன் பலகை நுனியைக் காலால் அழுத்திப் பார்த்து
"ஆடுது, கீழ ஒரு ஆப்பு வைக்கணும்" என்றானாம்.

திங்கட்கிழமை பலகை அம்மாபேட்டைக்குத் திரும்பியது.
விசாரித்தேன்.
நாள் வாடகை அறுபது ரூபாய்.
ஞாயிறுதோறும் கொண்டுவந்து போட
சாதிக்குக்குச் சம்மதம்.

பொருளாளர் அவர்களுக்கு,
இந்த வாரம் என் காணிக்கை உறையில்
பணம் இல்லை.
ரசீது இருக்கிறது.